நாங்கள் கேட்ட இரண்டாவது வேரியண்ட்

எங்கள் காரில் இருந்திருக்க வேண்டிய நான்கு ஏர்பேக்குகளைப் பற்றி எழுதுகிறேன். ஆறு இருக்கிறது என்று நம்பித்தான் என் மகள் கையில் சாவியைக் கொடுத்தேன். இரண்டுதான் இருந்தது. இதை எழுத எழுத எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பயத்தில் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பயம் ஆஸ்பத்திரியோடு போய்விட்டது. இது கோபம்.

கார் வாங்கும் பேச்சு மகளுக்குப் பொன்னேரியில் வேலை கிடைத்ததும் வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு விடிந்ததும் ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடைத்தாலும் உட்கார இடம் கிடைக்காது. மார்கழியில் ஏரிப் பக்கம் பனி இறங்கினால் எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாது. ஸ்கூட்டரில் அவள் போவதை ஒரு வாரம்கூட என்னால் பார்க்க முடியவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், லைசென்சும் இருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். கடன் கிடைப்பது கஷ்டமில்லை.

என் கணவர் ஏரியில் வலை போட்ட குடும்பத்தில் பிறந்தவர். இப்போது வலைக்குப் போவதில்லை. படகுக்காரர்களிடம் இறாலும் நண்டும் வாங்கி ஐஸ் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிறார். செடான்தான் வேண்டும் என்று சொன்னவர் அவர். தெருவில் எல்லோரும் உயரமான பெரிய வண்டியாக எடுக்கச் சொன்னார்கள்.

"பின்னாடி டிக்கி தனியா மூடினா மாதிரி இருக்கணும். இல்லன்னா ஒரு பெட்டி ஏத்துனாப் போதும், வண்டி முழுக்க எறா வாசனை. பொண்ணு கௌரவமா வேலைக்குப் போற எடத்துல நாறும்" என்றார்.

"இப்பவே என்கிட்ட நாறுது நைனா. ஊசி போட்டுக்க வர்றவங்க, இன்னாம்மா வூட்ல இன்னிக்கு எறா தொக்கானு கேக்கறாங்க" என்றாள் மகள்.

நடுத்தர அளவில் ஒரு செடான் என்று முடிவானது. எந்த கம்பெனி, எந்த மாடல் என்பதும் சீக்கிரமே முடிந்தது. தலைவலி அதற்குப் பிறகுதான். ஒரே வண்டியை வேரியண்ட் என்று சொல்லி நான்கு விதமாக விற்கிறார்கள். பேஸ், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று, டாப். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏதோ சேர்கிறது, விலை ஏறுகிறது. எது சேர்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. உயிரைக் காக்கிற பொருளையும் பளபளப்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். அரிசி வேண்டுமென்றால் கூடவே ஜிகினாவும் வாங்கிக்கொள் என்கிற மாதிரி.

பல சாயங்காலங்கள் விடைத்தாள்களை ஓரம் தள்ளிவிட்டு ஃபோனில் வீடியோ பார்த்தேன். எங்கள் ஊருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று எனக்கே ஒரு கணக்கு வந்தது. குரோம் பட்டை இங்கே வேண்டாம். உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டினால் வெளுத்துப் புள்ளி விழும். தோல் சீட் வேண்டாம். சித்திரையில் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தோல் அதோடு வரும். பின் கண்ணாடியில் பனியைப் போக்குகிற சூட்டுக் கம்பி வேண்டும். டிரைவர் சீட்டை உயர்த்த முடிய வேண்டும், மகள் குள்ளம். வண்டி வழுக்கினால் தானாகவே பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு வேண்டும். ஏர்பேக் முன்னால் மட்டும் போதாது, பக்கவாட்டிலும் வேண்டும், ஜன்னலுக்கு மேலிருந்து திரை மாதிரி இறங்குவதும் வேண்டும். இவை எல்லாம் இரண்டாவது வேரியண்டில் இருந்தன. மூன்றாவதில் சேர்ந்தவை சன்ரூஃப், அலாய் வீல், பெரிய திரை. கொடுக்கிற காசுக்குச் சரியான வண்டி இரண்டாவதுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

ஹைவேயில் இருந்த ஷோரூமுக்கு மூன்று பேருமாகப் போனோம். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் எங்களை நேராக மூன்றாவது வேரியண்டிடம் கூட்டிப்போனார்.

"மேடம், வேல்யூ ஃபார் மணினு பார்த்தீங்கன்னா இதுதான். சன்ரூஃப் பாருங்க. இன்னிக்கு ஃபேமிலி கஸ்டமர் எல்லாம் இதத்தான் கேக்கறாங்க."

"எங்க ஊர்ல தலைக்கு மேல பாத்தா வெயில்தான் தெரியும் சார். அத உள்ள விட்டுக்கறதுக்குக் காசு குடுக்கணுமா?" என்றேன்.

மகள் என் இடுப்பில் கிள்ளினாள். "மானத்த வாங்காதம்மா."

"ரெண்டாவதுல ஏர்பேக் எங்கெங்க இருக்குன்னு காட்டுங்க" என்றேன். அவருக்கு அலுப்பாக இருந்தது. காட்டினார். முன் சீட்டின் பக்கவாட்டில், கதவு ஓரமாக, தையலில் பிடித்து ஒரு சின்னத் துணிப் பட்டி இருந்தது. அதில் ஏர்பேக் என்று எழுதியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

"சைடு ஏர்பேக்கெல்லாம் யாரும் கேக்கறதே இல்ல மேடம். அலாய் இருக்கா, கேமரா இருக்கா, இதான் கேப்பாங்க."

"நான் கேக்கறேன்" என்றேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு வண்டியை எங்கள் ஊருக்கே கொண்டு வந்தார்கள். டை கட்டிய ஆள் ஏரிக்கரை, கடைத்தெரு எல்லாம் சுற்றிவிட்டு, டச்சுக் கல்லறை வாசலில் வண்டியை நிறுத்தி, மகளைச் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். ஷோரூமின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்காம். பழைய கல் பின்னால் இருந்தால் வண்டி எடுப்பாகத் தெரியுமாம். அந்த வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பது எங்களுக்குப் பழக்கம்; தினமும் பார்ப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. "அங்க வேணாம், இந்தப் பக்கம் வா" என்று மகளை இழுத்துக்கொண்டேன். "டீச்சரு பேய்க்குப் பயப்படுது" என்று கணவர் சிரித்தார்.

இரண்டாவது வேரியண்ட், சாம்பல் நிறம் என்று பதிவு செய்தோம். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். வண்டி வந்துவிட்டது என்று அவர்கள் கூப்பிட்ட அன்றைக்கு எனக்குப் பரீட்சை வேலை. விடுப்பு கிடைக்கவில்லை. கணவரும் மகளும் போனார்கள். மத்தியானம் அவரிடமிருந்து ஃபோன்.

"சாம்பல் இல்ல. நமக்கு வெள்ளை விழுந்துச்சு."

"பரவால்ல. வெள்ளைன்னா சூடு கம்மியா இருக்கும்" என்றேன். நிறத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். விழுந்தது என்ற சொல்லை அவர் எதற்கெல்லாம் சொல்வார் என்று, இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்தியும், அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

வண்டி வாசலுக்கு வந்தபோது கண்ணைப் பறித்தது. அலாய் வீல், குரோம் பட்டை, பெரிய திரை, பின்னால் கேமரா, எல்லா சீட்டுக்கும் கெட்டியான உறை, டிக்கிமேல் நாங்கள் கேட்ட இரண்டாவது வேரியண்டின் எழுத்து. "இதெல்லாம் நாம கேக்கலியே?" என்றேன். "லேட் ஆயிடுச்சுல்ல, அதனால சும்மாவே போட்டுக் குடுத்தாங்க" என்றார். தெருவே வந்து பார்த்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அலாயை உப்பு தின்றால் தின்னட்டும், சும்மா வந்ததுதானே என்று விட்டுவிட்டேன். பில் இருந்த கவரைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

அறுவடைக் காலத்தில் திருப்பாலைவனம் பக்கம் ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பிக் காயப் போடுவார்கள். விபத்து நடந்த அன்றைக்கு மத்தியானம் எதிர்பாராமல் ஒரு மழை. மகள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். வேகமாக வரவில்லை, அவள் வேகமாக ஓட்டுகிறவள் இல்லை. நனைந்த வைக்கோலில் சக்கரம் ஏறியதும் வண்டி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போய், டிரைவர் பக்கக் கதவு புளியமரத்தில் மோதியது.

வயலில் இருந்தவர்கள்தான் தூக்கினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு நினைவு இல்லை. காதுக்கு மேலே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்துப் பட்டை எலும்பு உடைந்திருந்தது. கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "நைனாகிட்ட வண்டி போச்சுன்னு சொல்லாத" என்றாள். பிறகு என்னை யார் என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள். அந்தக் கேள்விக்கும் அவள் அடுத்து என்னை அம்மா என்று கூப்பிட்டதற்கும் நடுவில் இருந்த நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். சாமி காப்பாத்திச்சு. ஆண்டவர் காப்பாற்றினார். எலும்புதானே, சேர்ந்துடும். எல்லாருக்கும் தலையாட்டினேன். சாமி இருக்கட்டும், ஜன்னலுக்கு மேலிருந்து அந்த ஏர்பேக் திரை ஏன் இறங்கவில்லை என்று என் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, வண்டியை இழுத்துப்போட்டிருந்த ஒர்க்ஷாப்புக்கு நான் மட்டும் போனேன். கதவு உள்ளே மடங்கியிருந்தது. சீட் உறை கிழிந்து தொங்கியது. அதைப் பிடித்து இழுத்துவிட்டு, சீட்டின் ஓரத்தில், முன்பு ஷோரூமில் தடவிய அதே இடத்தில், விரலை வைத்தேன். பட்டி இல்லை. அடுத்த சீட்டின் உறையையும் பிய்த்தேன். அங்கேயும் இல்லை. ஜன்னலுக்கு மேலே பார்த்தேன், அங்கே எழுத்து இல்லை. டிக்கிக்குப் போனேன். வேரியண்டின் எழுத்தை நகத்தால் நெம்பினேன். பசை போட்டு ஒட்டியது, கையோடு வந்துவிட்டது. கீழே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப் பெயிண்ட்.

பேஸ் வண்டி. பேஸ் வண்டிக்குப் புடவை கட்டி, பூ வைத்து, பொட்டு வைத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த எழுத்தைக் கணவர் முன்னால் போட்டேன்.

"இன்னா சொல்லிக் குடுத்தான் உங்களுக்கு?"

அவர் அதை எடுத்துப் பார்த்தார். "அலாட்மெண்ட்னு சொன்னான்."

"இன்னா அலாட்மெண்ட்?"

"நம்ம பேருக்கு இந்த வண்டிதான் அலாட் ஆயிருக்குன்னான். கீழ் வண்டிதான், ஆனா மேல் வண்டி மாதிரியே எல்லாம் போட்டுத் தரோம், ஒரே வண்டிதான் சார்னான். வேணாம்னா அடுத்த பேருக்குப் போயிடும், நீங்க மறுபடி கடைசில நிக்கணும்னான்."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"விழுந்தத எப்படிமே வேணாம்னு சொல்றது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பொன்னேரியில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகுதான் இதைக் கேள்விப்பட்டேன். ஏரியில் எல்லாரும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல பாடு விழுந்தால் நல்லது. மோசமான பாடு விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. மாற்றிக் கேட்டால் அடுத்தவன் வயிற்றில் கை வைக்கிறான் என்று பெயர். என் கணவர் வலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் விழுந்ததை மாற்றிக் கேட்பது அவருக்கு இன்றைக்கும் எச்சில் இலையில் கை வைப்பது போல. அந்த ஷோரூம் ஆளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அவன் எல்லாரிடமும்தான் அலாட்மெண்ட் என்று சொல்லியிருப்பான். மற்றவர்கள் சத்தம் போட்டிருப்பார்கள். இவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அது இன்னா ஏரிப் பாடா? கடைய்யா அது! நாம காசு குடுக்கறோம்!" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் ய்யா போட்டுப் பேசியதில்லை.

"எனக்கு அந்த ரெண்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. நீதான படிச்ச, நீதான வீடியோ பாத்த. வெளிய எல்லாம் அதேதான்னான். நான் வெளியதான் பாத்தேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளே, கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு, மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் என் தலைக்குள்ள கத்தாதீங்க" என்றாள். அதோடு நிறுத்தினோம்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனோம். வர வேண்டாம் என்றாலும் மகளும் வந்தாள். டை கட்டிய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மேனேஜர் எங்களுக்கு ஜூஸ் வரவழைத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா சார் ஓகே சொல்லித்தான் எடுத்துட்டுப் போனாரு."

"ரெண்டும் ஆறும் ஒண்ணுன்னு சொன்னது யாரு?"

"எங்க ஆளு வாய் தவறிச் சொல்லியிருக்கலாம் மேடம். ஆனா பாருங்க, பேஸும் நல்ல வண்டிதான். ஒரே இன்ஜின், ஒரே பாடி."

"அப்ப டிக்கில அந்த எழுத்த எதுக்கு ஒட்டுனீங்க?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அது கஸ்டமர் சந்தோஷத்துக்காக பசங்க பண்றது. நாங்க உங்களுக்கு ஒரு வருஷம் ஃப்ரீயா வாட்டர் வாஷ் பண்ணித் தரோம்."

ஃப்ரீயா வாட்டர் வாஷ். என் மகளின் காதுக்கு மேலே முடி வழித்திருந்தது, தையல் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த மனுஷன் இதைச் சொன்னார்.

ஆறு ஏர்பேக்கும், வழுக்கினால் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடும் இருந்திருந்தால் இவளுக்கு அடியே பட்டிருக்காது என்று நான் சொல்லவில்லை. மரம் மரம்தான். எனக்கு அது தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் நான் கேட்டேன். கேட்டதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்தேன். கேட்டதைக் கொடுக்காமல், கொடுத்த மாதிரி காட்டினார்கள். அதுதான் என்னைக் கொல்கிறது.

பக்கத்து மேசையில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி உட்கார்ந்து ஏதோ வேரியண்டைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அவர்களிடம் போனேன். "அம்மா, வண்டி குடுக்கும்போது சீட் உறைய எடுக்கச் சொல்லு. கதவு ஓரமா விரல வெச்சுப் பாரு. பட்டி இருந்தாதான் உள்ள ஏர்பேக் இருக்கு. வெளிய என்ன எழுதியிருந்தாலும் நம்பாத" என்றேன்.

"மேடம், சத்தம் போடாதீங்க, மத்த கஸ்டமர் இருக்காங்க" என்று மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

"அவங்களுக்காகத்தான் சத்தம் போடறேன்."

அந்தப் பெண் குழந்தையைப் புருஷன் மடியில் வைத்துவிட்டு, நேராகக் காட்சிக்கு நிறுத்தியிருந்த வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். குனிந்து சீட்டின் ஓரத்தைத் தடவினாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

இன்ஷூரன்ஸில் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். புதுக் கதவு, புதுக் கண்ணாடி, பெயிண்ட். விபத்து நடந்ததே தெரியவில்லை. விற்றுவிடலாம், அந்தக் காசில் முதலில் கேட்ட வண்டியையே வேறு ஊரில் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். புரோக்கர் ஒருவர் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார். நிலம் வைத்திருப்பவர், மரியாதையாகப் பேசினார். கூட அவருடைய மகள் வந்திருந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அலாய் இருக்கு, கேமரா இருக்கு. மேல் மாடலாம்மா?"

புரோக்கர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "இல்லைங்க. பேஸ் மாடல். மேல எல்லாம் ஒட்டினது. ஒரு தடவ மரத்துல மோதியிருக்கு. ஏர்பேக் ரெண்டுதான். சைடுல கெடையாது."

புரோக்கர் என்னைப் பார்த்த பார்வையில் மீன் கருவாடாகியிருக்கும்.

பெரியவர் சிரித்தார். "உண்மையச் சொல்றீங்க, சந்தோஷம். அதெல்லாம் எதுக்கும்மா? நாம என்ன ரேஸா ஓட்டப் போறோம். பாக்க லட்சணமா இருக்கு, போதும்."

"யாரு ஓட்டப் போறாங்க?" என்று கேட்டேன்.

"இவதான். காலேஜுக்கு. பஸ்ல கஷ்டப்படறா."

அந்தப் பெண் டிரைவர் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கணவரைப் பார்த்தேன். அவரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. "வண்டி இல்லைங்க பெரியவரே, மன்னிச்சிக்கோங்க" என்றார் அவர். புரோக்கர் ரோடு வரை திட்டிக்கொண்டே போனார். படித்த குடும்பம் என்று நினைத்து வந்தாராம்.

அதன் பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை. யாருக்கு விற்றாலும் அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தர் ஓட்டத்தான் போகிறார்கள். இப்போது அதை அவர் மட்டும் ஓட்டுகிறார், டிக்கியில் இறால் பெட்டியோடு, மெதுவாக. மழை பெய்தால் எடுப்பதில்லை. புது வண்டிக்கு இன்னொரு கடன் வாங்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

மகளுக்கு எலும்பு சேர்ந்துவிட்டது. திடீரென்று திரும்பினால் தலை சுற்றுகிறது என்கிறாள். வேலைக்குப் போகிறாள், பஸ்ஸில். முதல் நாள் நான் பஸ் வரைக்கும் போனேன். கூட்டம் படிக்கட்டில் வழிந்தது. உள்ளே போ, கம்பியைப் பிடி, படியில் நிற்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"யம்மா," என்று படியிலிருந்து திரும்பிச் சத்தமாகக் கேட்டாள், "இதுல எத்தன ஏர்பேக்குன்னு கண்டக்டர்கிட்ட கேட்டியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். பஸ் கிளம்பிப் போனது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஃபோன் வரும் வரைக்கும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.